டிரோன் தன் பாட்டரியை அறியாதபோது

நெல்வயல் ஒன்றின் வரப்பில் நாம் நிற்பதாக எண்ணிக்கொள்வோம். பொழுது இப்போதுதான் புலர்ந்திருக்கிறது. காற்று இன்னும் எழவில்லை. பயிருக்கு மருந்து தெளிக்க இதைவிட ஏற்ற வேளை வேறில்லை. காற்று எழுந்துவிட்டால் மருந்துத் துளிகள் பயிரின்மேல் படாமல் அடுத்த வயலுக்குப் போய்விடும். களத்துமேட்டில், டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தி ஒன்று ஆறு கைகளை விரித்து நிற்கிறது. அதன் தொட்டியில் மருந்து நிறைந்திருக்கிறது. அதனை இயக்கப் பயிற்சி பெற்ற பெண்மணி பாட்டரியை அதனுள் பொருத்துகிறார். பாட்டரியின் விளக்குகள் எரிகின்றன. ஆனால் அவர் கையிலுள்ள ரிமோட்டின் திரையில், ‘பாட்டரி அறியப்படவில்லை’ என்னும் சொற்கள் தோன்றுகின்றன. விசிறிகள் சுழல மறுக்கின்றன. வயலுக்கு உரியவர் வானத்தைப் பார்க்கிறார். பெண்மணி திரையைப் பார்க்கிறார்.

இக்காட்சியைப் பொழுதுபோக்குக் கற்பனை என்று நாம் தள்ளிவிட இயலாது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000-க்கு டிரோன்களை வழங்கும் ‘நமோ டிரோன் தீதி’ என்னும் திட்டத்துக்கு இந்திய அரசு 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. டிரோனைக் கொண்டு பிழைப்பவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு காலைப் பொழுது வீணானால் ஒரு நாள் கூலி போயிற்று என்பது பொருள். ஆகவே, அந்தப் பெண்மணி அப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யலாகாது என்னும் இரு கேள்விகளுக்கும் விடை காண முயல்வோம். விடை காண்பதற்கு முன், பாட்டரியை ‘அறிதல்’ என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் வீட்டு டார்ச் விளக்கில் போடும் பாட்டரியை எந்த விளக்கும் ‘நீ யார்?’ என்று கேட்பதில்லை. ஏறு முனையும் இறங்கு முனையும் சரியாகப் பொருந்தினால் விளக்கு எரியும், பொருந்தாவிட்டால் எரியாது. இத்தாலிய அறிஞரான வோல்ட்டா, இருவகை உலோகத் தகடுகளை மாறி மாறி அடுக்கி, இடையே உப்புநீரில் நனைத்த துண்டுகளை வைத்து, 1800ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கைச் செய்து காட்டினார். அந்நாள் தொடங்கி நெடுங்காலம் வரையில் பாட்டரி பேசாத பொருளாகவே இருந்து வந்தது. அது மின்சாரத்தைக் கொடுத்தது; தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வானில் பறக்கும் கருவிக்கு அத்தகைய பாட்டரி போதவில்லை. பறப்பதற்கு எடை குறைவாகவும் ஆற்றல் மிகுதியாகவும் இருக்க வேண்டும். அவ்விரு தகுதிகளையும் ஒருங்கே தருவது லித்தியம் அயனி மின்கலம். 1991ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் அதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனை உருவாக்க வழிகண்ட ஜான் குடெனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அக்கிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆயினும் இந்த மின்கலம் மிகவும் கட்டுப்பாடு வேண்டுவது. பொதுவான வகையைச் சேர்ந்த ஒரு மின்கலம் முழுவதும் நிரம்பும்போது 4.2 வோல்ட் அழுத்தம் காட்டும். அதற்குமேல் ஏற்றினால் கேடு. பயன்படுத்தும்போது 3 வோல்ட் அளவுக்குக் கீழே இறங்கவிட்டாலும் கேடு. வரம்பு மீறினால் அது வீங்கும். சில வேளைகளில் தீப்பற்றும். மேலும், டிரோனில் ஒரே ஒரு மின்கலம் மட்டும் இருப்பதில்லை. பலவற்றைத் தொடராக இணைத்திருப்பார்கள். இங்கேதான் ஒரு நுட்பமான இடர் தோன்றுகிறது.

ஆறு மின்கலங்கள் தொடராக உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 3.7 வோல்ட் இருந்தால் மொத்தம் 22.2 வோல்ட். இனி, ஐந்து மின்கலங்களில் 3.8 வோல்ட் இருக்கட்டும், ஆறாவதில் 3.2 வோல்ட் மட்டுமே இருக்கட்டும். ஐந்து முறை 3.8 என்பது 19; அதனுடன் 3.2-ஐக் கூட்டினால் அதே 22.2 கிடைக்கிறது! வெளியே நின்று இரு முனைகளை மட்டும் அளப்பவருக்கு இரண்டு பாட்டரிகளும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் இரண்டாவது பாட்டரியில் ஒரு மின்கலம் வரம்பின் விளிம்பை நெருங்கிக்கொண்டிருக்கிறது. இதனை அறிய வேண்டுமானால் ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனியே அளக்கும் காவலன் ஒருவன் உள்ளேயே இருக்க வேண்டும் அன்றோ?

அக்காவலன்தான் பாட்டரியின் உள்ளே வைக்கப்பட்டுள்ள மின்னணுச் சில்லு. அது ஒவ்வொரு மின்கலத்தின் அழுத்தத்தையும் அளக்கிறது. பாட்டரியின் வெப்பத்தைக் கவனிக்கிறது. உள்ளே சென்ற மின்சாரத்தையும் வெளியே வந்த மின்சாரத்தையும் வரவு செலவுக் கணக்குப்போல் எழுதி வைத்து, மீதி எவ்வளவு என்று கூறுகிறது. பாட்டரி எத்தனை முறை ஏற்றப்பட்டது என்பதையும் நினைவில் வைத்திருக்கிறது. இத்தனையையும் டிரோனுக்கு அது சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு மொழி வேண்டும், வழியும் வேண்டும்.

பாட்டரியின் வாயில் இரண்டு பெரிய உலோக முனைகளுடன் சில சிறிய முனைகளும் இருப்பதை நீங்கள் காணலாம். பெரிய முனைகள் மின்சாரத்தைக் கொடுப்பதற்கு; சிறியவை பேசுவதற்கு. பேசும் முறைகளும் பலவாகும். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1982ஆம் ஆண்டில் வகுத்த ‘ஐ ஸ்கொயர் சி’ என்னும் முறை இரண்டே கம்பிகளைக் கொண்டது. ஒரு கம்பி தாளம் போடும். மற்றொன்று அத்தாளத்துக்கு இசையச் செய்தியைச் சொல்லும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்கென வகுத்து 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கேன்’ என்னும் முறையையும் டிரோன்களில் கையாளுகிறார்கள். செய்தி வழியில் சிதைந்துவிடாமல் காக்க, அதன் இறுதியில் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து அனுப்புவது வழக்கம். மளிகைக் கடைச் சீட்டின் அடியில் மொத்தத் தொகை எழுதியிருப்பது போன்றது இது. கூட்டிப் பார்த்து மொத்தம் ஒத்து வராவிட்டால், சீட்டில் எங்கோ பிழை இருக்கிறது என்று அறிந்துகொள்கிறோம். டிரோனும் அவ்வாறே செய்தியைத் தள்ளிவிட்டு மறுபடியும் கேட்கும். பலமுறை கேட்டும் ஒத்த விடை வராவிட்டால், ‘பாட்டரி அறியப்படவில்லை’ என்று கூறிவிடும்.

ஆகவே, அறிதல் என்பது ஓர் உரையாடல். அது நான்கு படிகளில் நிறைவேறுகிறது. முதலாவது, உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். இரண்டாவது, பாட்டரியின் சில்லு விழித்திருக்க வேண்டும். மூன்றாவது, இருவரும் பேசும் மொழி ஒன்றாக இருக்க வேண்டும். நான்காவது, சொல்லும் பாட்டரி நம்பத்தக்கது என்று டிரோன் ஏற்க வேண்டும். இந்நான்கில் எந்தப் படி முறிந்தாலும் திரையில் தோன்றுவது பெரும்பாலும் அதே ஒரு வாசகந்தான். நோய்கள் நான்கு, அறிகுறி ஒன்று. பழுது பார்ப்பவரின் திறமை எந்தப் படி முறிந்தது என்று கண்டுகொள்வதில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்படியாகிய தொடர்பு முறிவதே எங்கும் மிகுதியாகக் காணப்படுவது. பெரிய முனைகள் வழியே பல ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. சிறிய முனைகள் வழியே செல்வதோ மிக மெல்லிய மின்னோட்டம். உலோகத்தின்மேல் படியும் களிம்பு மெல்லியதாக இருப்பினும், அதனை ஊடுருவும் வலிமை அந்த மெல்லிய ஓட்டத்துக்கு இல்லை. உரத் துளியும் மருந்துத் துளியும் காற்றின் ஈரமும் கூடி முனைகளில் களிம்பேற்றும்போது, மின்சாரம் வருகிறது, ஆனால் பேச்சு வரவில்லை என்னும் நிலை உண்டாகிறது. விளக்குகள் எரிகின்றனவே, பாட்டரி ஏன் அறியப்படவில்லை என்று நம் பெண்மணி வியந்ததற்கு இதுவும் ஒரு விளக்கமாகும்.

பெரிய முனைகளில் களிம்பேறினால் நேரும் கேடு வேறு வகையானது. அங்கே ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை உண்டாயிற்று எனக் கொள்வோம். அதன் வழியே 50 ஆம்பியர் பாய்ந்தால், மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்க, 25 வாட் வெப்பம் பிறக்கும். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயப்பற்று வைக்கும் சிறிய சூட்டுக்கோலின் வெப்பம் அவ்வளவே. ஒரு சூட்டுக்கோலைப் பாட்டரியின் வாயில் செருகி வைத்துக்கொண்டு பறப்பதற்கு ஒப்பாகும் அது.

களிம்பு இல்லாவிட்டாலும், பாட்டரி இருக்கையில் முழுவதும் அமராமல் தாழ் விழாதிருக்கக் கூடும். அமெரிக்காவின் கோப்ரோ நிறுவனம் ‘கர்மா’ என்னும் டிரோனை 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் விற்பனைக்கு விட்டது. அவற்றுள் சில பறக்கும்போதே மின்சாரம் அற்று விழுந்தன. நவம்பர் 8ஆம் நாள், விற்ற ஏறத்தாழ 2,500 டிரோன்களையும் நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆராய்ந்தபோது, பாட்டரியைப் பிடித்து நிறுத்தும் தாழின் குறையே காரணம் என்று தெரிந்தது. தாழைத் திருத்தியமைத்து, 2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மீண்டும் விற்பனையைத் தொடங்கினர். இத்தனைக்கும் காரணம் ஒரு சிறு தாழ்!

இரண்டாம் படி, சில்லின் விழிப்பு. நெடுநாள் பயன்படுத்தாமல் கிடந்த பாட்டரியில் மின்சாரம் மிகவும் குறைந்துவிட்டால், எஞ்சிய சிறிதையும் காக்கும்பொருட்டுச் சில்லு உறங்கிவிடும். அப்போது பொத்தானை அழுத்தினாலும் விளக்கு எரியாது. அத்தகைய பாட்டரியை அதற்கே உரிய சார்ஜரில் இணைத்தால் சில்லு விழித்துக்கொள்வது உண்டு. விழிக்காவிட்டால், மின்கலங்கள் தம் கீழ்வரம்பைக் கடந்துவிட்டன என்று ஐயுற வேண்டும்.

மூன்றாம் படி, மொழி ஒற்றுமை. டிரோனுக்குள்ளும் பாட்டரிக்குள்ளும் ஃபர்ம்வேர் எனப்படும் உள்மென்பொருள் பதிந்திருக்கிறது. உரிமையாளர் ஒருவரிடம் மூன்று பாட்டரிகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் பொருத்தி, டிரோனின் உள்மென்பொருளைப் புதுப்பிக்கிறார். டிரோனும் அந்த ஒரு பாட்டரியும் புதிய மொழியைக் கற்றுக்கொண்டன. பெட்டியில் கிடந்த இரண்டும் பழைய மொழியிலேயே நின்றுவிட்டன. மறுநாள் அவற்றைப் பொருத்தினால் டிரோன் மறுக்கிறது. உரிமையாளரோ, நேற்றுவரை நன்றாக இருந்தனவே என்று பாட்டரிகளைக் குறை கூறுகிறார். ஒவ்வொரு பாட்டரியையும் முறையே பொருத்திப் புதுப்பித்தால் இக்குறை தீரும். இரண்டு பாட்டரிகளைச் சேர்த்துப் பொருத்தும் பெரிய டிரோன்களில், அவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒத்திருக்கவும் வேண்டும்.

நான்காம் படி, நம்பிக்கை. சில டிரோன்கள் பாட்டரியிடம் ஓர் எண்ணைச் சொல்லி விடை கேட்கின்றன. செய்தவர் மறைத்து வைத்த திறவுகோல் எண்ணை அறிந்த சில்லு மட்டுமே சரியான விடையைக் கணக்கிட்டுச் சொல்ல முடியும். போலிப் பாட்டரிகளை விலக்குவதற்கு இது உதவுகிறது. தம் பாட்டரியையே வாங்கச் செய்யும் வணிக நோக்கமும் இதில் கலந்திருப்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வானில் தலைக்குமேல் பறக்கும் பொருளில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பாட்டரியை விலக்குவதில் நியாயம் இருக்கிறது.

இனி, நம் பெண்மணி செய்ய வேண்டிய முறையைக் காண்போம். விதி ஒன்றே: எளியதை முதலில் சோதிக்க வேண்டும், ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பாட்டரியையும் மாற்றி, மென்பொருளையும் மாற்றி, முனைகளையும் துடைத்துவிட்டால், பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாது. நாளை அதே பழுது வந்தால், தொடங்கிய இடத்திலேயே மறுபடியும் நிற்க நேரும்.

முதலில் திரையின் வாசகத்தைப் பொறுமையுடன் முழுவதும் படித்தல் வேண்டும். பாட்டரியை அறியாதிருப்பது வேறு. அறிந்தபின் மறுப்பது வேறு. ‘வெப்பம் மிகுதி’ என்றோ, ‘மின்கல அழுத்தம் ஒத்தில்லை’ என்றோ வாசகம் இருந்தால், உரையாடல் நன்றாகவே நடந்திருக்கிறது என்று பொருள். அங்கே முனைகளைத் துடைத்துப் பயனில்லை.

அடுத்து, பாட்டரியை வெளியே எடுத்துக் கண்ணால் பார்த்தல் வேண்டும். வீக்கமோ, வெடிப்போ, கசிவோ, இனிய நெடியோ இருந்தால் சோதனை அத்துடன் முடிந்தது. அப்பாட்டரியை எரியும் பொருள்களுக்கு அப்பால் தனியே வைத்துவிட வேண்டும். குறை ஒன்றும் தென்படாவிட்டால் முனைகளைப் பார்க்க வேண்டும். டிரோனையும் பாட்டரியையும் அணைத்த பிறகு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் சிறிதே நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். கத்தி முனையாலோ ஊசியாலோ சுரண்டலாகாது. உலோகம் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் குறுக்குச் சுற்று உண்டாகித் தீப்பொறி பறக்கும். துடைத்தபின், தாழ் விழும் ஓசை காதில் கேட்கும்வரை பாட்டரியை அழுத்திப் பொருத்த வேண்டும்.

அப்போதும் குறை தீராவிட்டால், மாற்றிப் பார்க்கும் சோதனை கைகொடுக்கும். அதே வகையைச் சேர்ந்த வேறொரு பாட்டரியை இந்த டிரோனில் பொருத்த வேண்டும். இந்தப் பாட்டரியை அதே வகையைச் சேர்ந்த வேறொரு டிரோனில் பொருத்த வேண்டும். வேறு பாட்டரி இங்கே அறியப்பட்டு, இந்தப் பாட்டரி அங்கேயும் அறியப்படாவிட்டால், பழுது பாட்டரியில். வேறு பாட்டரியும் இங்கே அறியப்படாமல், இந்தப் பாட்டரி அங்கே அறியப்பட்டால், பழுது டிரோனில். தனித்தனியே இரண்டும் நன்றாக இயங்கி, சேர்ந்தால் மட்டும் மறுத்தால், மூன்றாம் படியாகிய மொழி ஒற்றுமையை ஐயுற வேண்டும். எந்தக் கருவியையும் பிரிக்காமல், ஓர் அளவியும் இல்லாமல், இவ்வளவையும் அறிய முடிகிறது. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பயிலும் ஒப்பீட்டு முறைதான் இது, வேறொன்றும் அன்று.

செய்யலாகாதது யாது? மறுக்கும் பாட்டரியை ஏமாற்றி ஏற்கச் செய்யலாகாது. உறக்கத்திலிருந்து எழாத பாட்டரியின் உறையைப் பிளந்து, சில்லைத் தாண்டி மின்கலங்களுக்கு நேரே மின்சாரம் ஏற்றுவோர் இருக்கிறார்கள். அழுத்தம் மிகவும் தாழ்ந்த நிலையில், மின்கலத்தினுள் இருக்கும் செப்புத் தகடு சிறிது சிறிதாகக் கரையத் தொடங்குகிறது. மறுபடியும் ஏற்றும்போது அச்செம்பு கண்ட இடங்களில் படிந்து, உள்ளுக்குள்ளேயே குறுக்குச் சுற்றை உண்டாக்கக் கூடும். வெளியே எல்லாம் சரியாகத் தோன்றும்; கேடு உள்ளே காத்திருக்கும். காவலன் கதவை அடைத்தது காரணமில்லாமல் அன்று.

அறியப்பட்ட பாட்டரியே சில வேளைகளில் தவறான கணக்கைச் சொல்வதுண்டு. 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில், டி.ஜே.ஐ. நிறுவனத்தின் குறிப்பிட்ட சில பாட்டரிகளைக் கொண்ட டிரோன்கள், மின்சாரம் போதிய அளவு மீதியிருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே வானில் அடியோடு ஆற்றல் இழந்தன என்று பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் எச்சரிக்கை விடுத்தது. அவற்றைக் கையாண்ட போலீசார் சிலர் அவற்றைப் பறக்கவிடுவதை நிறுத்தி வைத்தனர். பின்னர் நிறுவனம் உள்மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. பேசும் பாட்டரியின் சொல்லே ஒருகால் பிழைபடும் என்றால், பேசவே மறுக்கும் பாட்டரியை நம்பி வானில் ஏறுவது எவ்வளவு பேதைமை என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் பெண்மணியிடம் திரும்புவோம். அவர் பாட்டரியை எடுத்துப் பார்க்கிறார். வீக்கம் இல்லை. சிறிய முனைகளில் பசுமை படர்ந்த மெல்லிய களிம்பு தெரிகிறது. துடைத்து, உலர்த்தி, தாழ் விழும்படி பொருத்துகிறார். திரையில் இப்போது ஒவ்வொரு மின்கலத்தின் அழுத்தமும் வரிசையாகத் தோன்றுகிறது. அவர் உடனே விசிறிகளைச் சுழற்றவில்லை. ஆறு எண்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறார். பிறகு தம் குறிப்பேட்டில், இந்தப் பாட்டரி, இந்த நாள், இன்ன குறை, இன்னது செய்தேன் என்று ஒரு வரி எழுதுகிறார். அதன்பிறகே டிரோன் எழுகிறது.

துடைத்தும் பயன் இல்லாதிருந்தால்? அப்போது அந்தப் பாட்டரியை ஒதுக்கி வைத்திருப்பார். வயலுக்கு உரியவரிடம், ‘இன்று இயலாது, ஐயா’ என்று சொல்லியிருப்பார். ஒரு நாள் கூலி போயிருக்கும். எனினும், மருந்து நிறைந்த தொட்டியோடு வானிலிருந்து விழும் டிரோனின் கீழே, வரப்பில் நின்ற எவரும் அகப்பட்டிருக்க மாட்டார். தரையில் நிற்கும்போதே ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லிவிடும் கருவி நமக்கு நன்மையே செய்கிறது. அதன் சொல்லுக்குச் செவி கொடுத்து, காரணத்தைப் படிப்படியாகத் தேடுவதே அதனை இயக்குபவரின் கடமை.